தாம்பாளத்தில் ஆறு கண்ணாடி

பதினைந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எப்போதாவது அளந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு உலை சோறு வடித்து நிமிர்கிற நேரம், அவ்வளவுதானே என்பீர்கள். வள்ளிமயிலும் இன்று மத்தியானம் மூன்று மணி வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது பல்கலைக்கழக வேதியியல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், மூன்று வருஷமாக அவள் ஆராய்ச்சி செய்கிற அதே கூடத்தில், சாமான் கழுவுகிற தொட்டிக்குள் தலையைச் சாய்த்து, வலது கன்னம் கீழே வரும்படி வைத்துக்கொண்டு நிற்கிறாள். குழாயில் மாட்டிய ரப்பர் டியூபை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையின் இரண்டு விரலால் அவளுடைய வலது கண்ணைப் பிளந்து பிடித்திருப்பவள் லூர்துமேரி; இந்தக் கூடத்தைக் கூட்டித் துடைக்கவும் கண்ணாடிச் சாமான் கழுவவும் ஒப்பந்தத்தில் வேலைக்கு வருகிறவள். "மூடாத தாயி." "மூடலைக்கா." "மூடுற. என் வெரலுக்குத் தெரியாதா?" மூடுவது வள்ளிமயில் இல்லை, கண். அது தன் பாட்டுக்கு மூடுகிறது. சொன்ன பேச்சைக் கேட்காத சாமான் ஒன்று தன் உடம்புக்குள் இருக்கிறது என்று பிள்ளை பெற்றபோது ஒரு தரம் தெரிந்தது, அப்புறம் இப்போதுதான். தண்ணீர் மூக்குத்தண்டில் விழுந்து கண்ணுக்குள் புகுந்து காதோரமாக வழிந்து சட்டைக் காலருக்குள் போகிறது. முதலில் எரிந்தது, மிளகாய்ப்பொடி விழுந்த எரிச்சல்கூட இல்லை, ஊசியைக் காய்ச்சி வைத்த மாதிரி. இப்போது குறைந்திருக்கிறது. குறைந்ததுதான் பயம். அமிலம் பட்டால் மேலோடு சுட்டுவிட்டு நிற்கும், காரம் அப்படியில்லை, சத்தம் காட்டாமல் உள்ளே உள்ளே இறங்கும் என்று போன ஜூலையில் புதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தது அவளேதான். கையில் ஒரு பேனாவை வைத்து ஆட்டி ஆட்டிச் சொன்னாள். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

"எத்தனை நிமிசம் ஆச்சுக்கா?" "ரெண்டாவது பத்துல இருக்கேன், பேசாத, எண்ணிக்கை தப்பிரும்." கடிகாரம் லூர்துக்காவின் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்குகிறது, திரும்பினால் டியூப் நகரும், டியூப் நகர்ந்தால் தண்ணீர் மூக்குக்குள் போகும், ஒரு தரம் போய் இருமி இருமித் தொட்டி விளிம்பில் நெற்றி இடித்தும் ஆயிற்று. அதனால் லூர்துக்கா ஜெபமாலை சொல்லிக் கணக்கு வைக்கிறாள். மணிமாலை வீட்டில் இருக்கிறது. நாக்கிலேயே எண்ணிக்கை. பத்து அருள் நிறைந்த மரியே ஒரு பத்து, அப்படி அஞ்சு பத்து முடிந்தால் கால் மணி நேரம் தாராளமாக ஆகும், அக்டோபர் ஜெபமாலை மாசத்தில் தெருவே கூடிச் சொல்கிறது, எனக்குத் தெரியாதா என்கிறாள். வேகமாகச் சொல்கிறாளோ என்று வள்ளிமயிலுக்குச் சந்தேகம். "ஓட்டாதீங்கக்கா, நிதானமாச் சொல்லுங்க." "மாதாகிட்டயே அவசரப்படுறேன்னு கோள் சொல்லுவியா நீ?" சிரிப்பு வந்தது வள்ளிமயிலுக்கு, சிரித்ததும் இமை விரலிலிருந்து நழுவியது, ஏச்சு விழுந்தது. பதினைந்து நிமிஷம் என்று லூர்துக்காவுக்கு யார் சொன்னது? சுவர் சொன்னது. அந்தச் சுவரில் ஒட்டியிருக்கிற தாளைத் தமிழில் எழுதியது வள்ளிமயில். கண்ணில் ரசாயனம் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில், இமையைத் திறந்து பிடித்து, குறைந்தது பதினைந்து நிமிஷம். அதற்கு மேல் ஒரு வரி: வேலை செய்யும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியவும். அழகான கையெழுத்து. நாலு மூலையிலும் செலோடேப். ஒட்டிய அன்றைக்கு லூர்துக்கா வாசித்துவிட்டு என்னமோ கேட்டாளே. என்ன கேட்டாள்? கேட்டாள், வள்ளிமயில் சிரித்தாள், அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கிறது, கேள்வி ஞாபகம் வரவில்லை. தண்ணீர் சத்தத்தில் எதுவும் ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது.

நடந்தது நாலு வரிக்குள் அடங்கும். இன்று சரஸ்வதி பூசை. காலையில் பத்தரை மணிக்கு நல்ல நேரம் பார்த்து, தராசுக்கும் அடுப்புக்கும் பம்புக்கும் பொட்டு வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, நடுமேசையில் படம் வைத்து, ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கதிரேசன் சார் சூடம் காட்டினார். புத்தகம் நாலு, நோட்டு நாலு, அவ்வளவுதானா, நம்ம ஆயுதத்தைக் காணோமே என்று ஆறு பாதுகாப்புக் கண்ணாடியையும் கொக்கியிலிருந்து கழற்றித் தாம்பாளத்தில் வட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண்ணிலும் சந்தனம் தீற்றிக் குங்குமம் வைத்தது யார்? வள்ளிமயில்தான். "ஆறு அம்மன் உக்காந்து பாக்குற மாதிரி இருக்குல்ல?" என்றாள். எல்லாரும் சிரித்து போட்டோ எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். இவள் கிளம்பி, பையை மாட்டி, செருப்புப் போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது, காரத் தொட்டியில் ஊறப்போட்ட குடுவை. பொட்டாசியம் காரத்தை ஸ்பிரிட்டில் கரைத்து நிரப்பிய பெரிய பிளாஸ்டிக் டப் அது. எந்தத் தேய்ப்புக்கும் போகாத கறையை ஒரு ராத்திரியில் உரித்துப் போடும். கூட ரெண்டு நாள் கிடந்தால் கறையோடு கண்ணாடியையும் அரித்துவிடும். அது இரட்டைக் கழுத்துக் குடுவை, கூடத்துக்கே ஒன்றுதான் இருக்கிறது. ஒரு நிமிஷ வேலை. பாதுகாப்புக் கண்ணாடி தாம்பாளத்தில் இருந்தது. பூசையில் வைத்ததை நாளைக் காலையில் மறுபூசை போட்டுத்தான் எடுக்க வேண்டும். புத்தகத்தைத் தொட்டால் படிப்பு ஏறாது என்று ஊரில் சொன்னதை நம்பி, வருஷத்துக்கு ஒரு நாள் ஆனந்தமாகப் படிக்காமல் இருந்தவள் அவள். இருந்தாலும் கையை நீட்டிப் பார்த்தாள். நீட்டினாள், அது பொய்யில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாளைக்கு மகள் நிறைமதிக்கு எழுத்து ஆரம்பிக்கிறோமே, இன்றைக்குப் போய்ச் சரஸ்வதி மடியில் கையை விட்டுப் பிடுங்குவானேன் என்று தோன்றியது. கையை இழுத்துக்கொண்டாள். ஒரு நிமிஷ வேலைதானே. ஈரக் கையுறை, சோப்புக் கட்டி மாதிரி வழுக்குகிற குடுவை, தொபுக்கென்று ஒரு சத்தம். தெறித்தது என்னமோ ஒரு புளியங்கொட்டை அளவுதான். நடையில் சிந்திக் கிடந்த பொரியைப் பெருக்கிக்கொண்டிருந்த லூர்துக்கா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

சோப்பு மாதிரிதான் இருக்கிறது இன்னமும். விரலால் தொட்டால் கன்னம் வழுக்குகிறது. தோலில் இருக்கிற கொழுப்பையே சோப்பாக்குகிறது காரம், அதுவும் அவள் வகுப்பில் சொன்னதுதான், சோப்புச் செய்கிற விதத்தில் நம்மையே சோப்பாகச் செய்யும் என்றாள், அதற்கும் சிரித்தார்கள். இந்த வழுக்கல் அவளுக்குப் பழக்கம். பிளஸ் டூவில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எண்பது பிள்ளைக்கு நாலு பிப்பெட், அதை வாயால் உறிஞ்சி அளவுக் கோடு வரைக்கும் ஏற்றி விரலால் அடைக்க வேண்டும். ஒரு தரம் கோட்டைத் தாண்டி வாய்க்குள் வந்துவிட்டது சோடியம் காரம், நாக்கெல்லாம் வழவழவென்று. வாத்தியார் பயந்துபோய் மோர் வாங்கிக் கொடுத்தார். பயல்கள் நுரை வருதா நுரை வருதா என்று ஒரு வாரம் கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒன்றும் ஆகாததுதான் இவ்வளவு தூரம் கூட வந்திருக்கிறது போல. மேலே ஷெல்ஃபில் எட்டி எடுத்தது, கையுறை இல்லாமல் தொட்டது, ஏழு மாசக் கர்ப்பத்தோடு நெடியில் நின்றது, எல்லாவற்றிலும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் ஒன்றும் ஆகாமல் வந்து புளியங்கொட்டை அளவில் நின்றுவிட்டது. கண்ணாத்தாள் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகிறேன் என்று மனசு ஒரு பக்கம் நேர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு கண்ணா ரெண்டு கண்ணா? கடையில் ஜோடியாகத்தான் தருவார்கள். ஒரு கண்தான் சார் போச்சு, ஒற்றையாகத் தாங்க என்று கேட்டால் கடைக்காரன் என்ன சொல்வான்? போச்சு என்று ஏன் நினைத்தாய். நினைக்காதே. விழியை உருட்டு. மேலே பார், கீழே பார். மேலே பார்த்தால் தண்ணீர், கீழே பார்த்தால் தண்ணீர்.

காலையில் நிறைமதியைக் குளிப்பாட்டும்போது இப்படித்தான் தலை கீழே, சொம்பு மேலே. "கண்ணு எரியுதும்மா, எரியுதும்மா." "எரியாது, இறுக்கி மூடிக்க." மூடிக்க, மூடிக்க என்று ரெண்டரை வருஷமாகச் சொல்கிறாள். பிள்ளை முகம் முழுவதையும் சுருக்கி, பல்லைக் கடித்து, மூடிக்கொண்டு நிற்கும், காதுகூட மூடிக்கொள்ளும் போலிருக்கும். அந்த முகம் இப்போது கண்ணுக்குள் வர வேண்டும், வரவில்லை. தண்ணீர்தான் வருகிறது. பிள்ளையின் வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு, கதவு இடித்தது. வலதா, இடதா? வலதுதான். இல்லை, எதிரே நின்று பார்க்கிறபோது வலது, அப்படியானால் அவளுக்கு இடது. இதுகூடவா தெரியாமல் இருந்தாய்? தினமும் பார்ப்பதை யார் பார்க்கிறார்கள். நாளைக் காலையில் தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, சின்னச் சுட்டுவிரலைப் பிடித்து அ போட வேண்டும். மாமியார் நெல்லுக்குச் சொல்லி வாங்கி வைத்துவிட்டாள். புருஷன் சேதுராசு லீவு போட்டிருக்கிறான். அ எங்கே சுழிக்கிறது, எங்கே இறங்குகிறது என்று பிடிக்கிறவளுக்குக் கண் தெரிய வேண்டாமா? கண்ணைக் கட்டிக்கொண்டுகூட அ எழுதலாம்தான். எழுதலாம், பிள்ளை தலையைத் தூக்கிச் சரியாம்மா என்று கேட்டால், அந்த முகத்தை எதைக் கொண்டு பார்ப்பது. பையில் போன் அடிக்கிறது. நாலு மணிக்கு வண்டி எடுத்து வருவதாகச் சொன்ன சேதுராசாகத்தான் இருக்கும். அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது. "எடுக்கவாத்தா?" "வேணாங்கா, கையை விடாதீங்க." எடுத்தால் என்ன சொல்வது. தண்ணீரில் முகம் வைத்திருக்கிறேன் என்றா? கண்ணாடி போடவில்லையா என்பான். முதல் கேள்வி அதுதான் கேட்பான், எலக்ட்ரீசியன் வேலை பார்க்கிறவன், ரப்பர் செருப்பில்லாமல் ஸ்டூலில் ஏறமாட்டான். போட்டிருக்கலாம், பொட்டு வைத்துவிட்டோம் என்று அவனிடம் எப்படிச் சொல்வது.

"மூணாவது முடிஞ்சிச்சு" என்றாள் லூர்துக்கா, அந்தச் சொல்லின் மேலேயே குழாய் செருமியது. தொண்டையில் முள் சிக்கிய மாதிரி ஒரு செருமல். தண்ணீர் இளைத்தது. மறுபடி வந்தது, மறுபடி இளைத்தது, நூலாக வந்தது. "போச்சு. மோட்டார் போடுறவனும் பூசைக்குப் போயிட்டான், காலையில இருந்து டேங்குல ஏத்தலை." கண் கழுவுவதற்கென்றே தனிக் குழாய் ஒன்று வேண்டும் என்று வள்ளிமயில் மூன்று தரம் எழுதிக் கொடுத்திருக்கிறாள், தாள் எந்த மேசையில் இருக்கிறதோ. "தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டாக் குளுந்துரும்னு எங்க பக்கம் சொல்லுவாக, உனக்குத்தான் பால் மறந்து போச்சே." "அதெல்லாம் வேணாங்கா, தண்ணிதான், தண்ணியைத் தவிர எதையும் விடாதீங்க. தராசு ரூம்ல நீலக் கேன் இருக்கு. காய்ச்சி வடிச்ச தண்ணி." "அது நீ சொட்டுச் சொட்டா ரெண்டு நாளாப் புடிச்சதுல்ல? தொட்டாக் கையை வெட்டிப்புடுவேன்னு சொன்ன." "ஓடுங்கக்கா." விரல்கள் போயின. கண் பட்டென்று மூடிக்கொண்டது, நெடுநாள் பசிக்காரன் சோற்றில் விழுந்த மாதிரி. திற. திறக்கவில்லை. வள்ளிமயில் தன் விரலாலேயே இமையைப் பிடித்தாள். விரலில் கையுறையின் காரம் ஒட்டியிருக்குமோ, கழற்றினேனா, கழற்றினேன், கழுவினேனா? நூல் தண்ணீரில் விரலைக் காட்டினாள், அந்த நேரம் கண்ணுக்குத் தண்ணீர் இல்லை. எது முதலில், விரலா கண்ணா. தராசு அறை பதினைந்து எட்டு வைக்கிற தூரம்கூட இல்லை. ஏன் இவ்வளவு நேரம்? கட்டடத்தில் ஒரு ஓசை இல்லை. ஃபேன் இல்லை, பம்பு இல்லை, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துத் தூங்கப் போட்டாயிற்று. ஊதுபத்தி வாசனை. தரையில் பொரி. ஆறு கண்ணாடி தாம்பாளத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும், சந்தனக் கண்ணால் என்ன தெரியும் அதுகளுக்கு. ஆறு பேருக்கு ஆறு. எண்ணித்தான் வாங்கினோம், சார் கேட்டார் எத்தனை என்று, ஆறு சார் என்றாள். கூடத்தில் ஆறு பேர். கணக்குச் சரி. சரிதானே. எதற்கு இது இப்போது முள்ளாக நிற்கிறது. "எக்கா!" என்று கத்தினாள். "எக்கா!" யாருமே வராவிட்டால்? யாருமே இல்லாத நாளில்தானே வந்தாள், லூர்துக்காவுக்கும் பூசை இருந்திருந்தால் அவளும் வீட்டில்தான் இருந்திருப்பாள். நம்ம சாமி வேற, நம்மளைக் கூட்டச் சொல்லிட்டாக என்று காலையில் சிரித்தாளே. வாசல்படிக்கு வெளியிலேயே நின்று தொன்னையில் சுண்டல் வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்கக்கா என்று கூப்பிட்டேனா? கூப்பிட்டிருப்பேன். கூப்பிட்டேனா?

கேன் தரையில் இழுபடுகிற சத்தம் வந்தது. இருபது லிட்டர். அதைத் தூக்க முடியாமல் லூர்துக்கா முதுகைக் காட்டி இழுத்து வந்திருக்கிறாள், வழியிலேயே போனில் வாசல் வாட்ச்மேன் பெருமாளிடம் ஆட்டோவும் சொல்லியாயிற்று. "பெருமாளண்ணே, கண்ணாஸ்பத்திரிக்கு, ஆமா, நம்ம மயிலுப் பிள்ளைக்கு. பூசை முடிச்சுட்டு வாரேன்னு எவனாச்சும் சொன்னான்னா வேற ஆளைப் பிடிங்க." குவளையில் மொண்டு மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள். "இனிமே என்னால ரெண்டு வேலை பாக்க முடியாது. கண் ரெப்பையை நீயே இழுத்துப் புடி. நாலாவது பத்து, முதல்ல இருந்து." "மூணு முடிஞ்சிச்சுன்னீங்களே?" "முடிஞ்சது முடிஞ்சது. நாலாவதை முதல்ல இருந்துன்னேன்." குவளை வரும்போது குளிர்ச்சி, போகும்போது காற்று, வரும், போகும். சொட்டுச் சொட்டாய்ப் பிடித்த தண்ணீர். எதுவுமே கலக்காத தண்ணீர். முகத்தில் வழிந்து சாக்கடைக்குப் போகிறது. லூர்துக்காவின் உள்ளங்கை தாடையில் அழுத்தும்போது சொரசொரவென்று இருக்கிறது. விரல் நுனியெல்லாம் உரிந்து வெடித்திருக்கிறது. இதை இதுவரை பார்த்ததில்லை. மூன்று வருஷமாகப் பார்த்த கை. காரத் தொட்டியில் ஊறினதைத் தினமும் காலையில் எடுத்து அலசி அடுக்குகிற கை. ஆராய்ச்சிக்காரர்கள் ஒன்பதரைக்கு வருவதற்குள் எல்லாம் பளபளவென்று கவிழ்ந்திருக்கும். தினமும். தினமும் குனிந்து, அந்த டப்புக்கு நேராக முகத்தை வைத்து. அப்போதுதான் கேள்வி ஞாபகம் வந்தது. செலோடேப் ஒட்டி முடித்து எப்படியிருக்கு என்று கேட்டபோது லூர்துக்கா எழுத்துக்கூட்டி வாசித்தாள், கண்ணாடி அணியவும், வாசித்துவிட்டு, "எங்க இருக்கு, எனக்கு?" என்றாள். அதற்குத்தான் சிரித்தது. நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தது. எங்க இருக்கு எனக்கு. ஆறு பேருக்கு ஆறு. "அக்கா, ஒங்களுக்குத் தெறிச்சிருக்கா எப்பவாச்சும்?" "எது?" "டப்புத் தண்ணி." "தெறிக்காம? முந்தானையில தொடைச்சுக்கிருவேன்." குவளை வந்தது, போனது. "பேசாத தாயி, ஏழுல இருக்கேன்."

அஞ்சு பத்தும் முடிந்து, கேனில் மிச்சம் இருந்ததால் லூர்துக்கா கொசுறாக இன்னொரு பத்தும் சொன்னாள். கேன் காலியானது. நிமிர்ந்தபோது கழுத்து கழன்றுவிட்டதுபோல் இருந்தது. இடது கண் கலங்கி, பார்க்கிறதெல்லாம் நீருக்குள் கிடந்து ஆடியது. வலது கண்ணுக்கு முன்னால் லூர்துக்கா கையை நீட்டினாள். "எத்தனை வெரலு?" வெள்ளையாக இருந்தது. கஞ்சியைத் தீற்றிய மாதிரி வெள்ளை, அதற்குள் ஒரு பழுப்பு அசைந்தது. அது ரெண்டாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். "ரெண்டு" என்றாள், சரியாக இருந்துவிடட்டும் என்று. லூர்துக்கா நீட்டிய கையை இறக்கிக்கொண்டாள். துவைத்த துண்டை அழுத்தாமல் கண்ணுக்கு மேல் வைத்து, அவள் கையாலேயே பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது. "பெருமாளண்ணன் கூட வருவாரு. உன் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அவரே போன் பண்ணுவாரு. நீ நட. நான் இதைத் தொடைச்சு, டப்பை மூடிட்டுப் பின்னாலேயே வாரேன்." "அதை அப்படியே விடுங்கக்கா." "விட்டுட்டு? வழுக்குது தரை, இம்புட்டும் சிந்திக் கிடக்கு. நாளைக்குக் காலையில சார் மறுபூசைக்கு வந்து வழுக்கி விழுந்தார்னா உன்னையவா கேப்பாரு?" வாளி வைக்கிற சத்தம் கேட்டது. துணியை உதறுகிற சத்தம். லூர்துக்கா முட்டி போட்டு உட்காருவாள், குனிவாள், முகம் டப்புக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். அது வள்ளிமயிலுக்குப் பார்க்காமலே தெரிந்தது, மூன்று வருஷமாகப் பார்த்தும் தெரியாதது. கதவு நிலையைக் கை தேடியது, ஈர வாழையிலை தட்டுப்பட்டது. நின்றாள்.

"அக்கா, தாம்பாளத்துல இருந்து ஒண்ணை எடுங்க."

"எதை?"

"கண்ணாடியை. பொட்டைத் தொடைச்சிட்டு மாட்டுங்க. அப்புறம் துணியில கை வைங்க."

லூர்துக்கா சிரித்தாள். "நல்லாருக்கே கதை. நீயே தொடாததை நான் போயித் தொட்டு, ஒங்க சாருக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன்."

"போ தாயி, ஆட்டோ நிக்கிது."

ஹாரன் மறுபடி அடித்தது. வள்ளிமயில் நகரவில்லை. கூடம் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அங்கே விளக்கு எரிகிற மஞ்சள் மட்டும் கலங்கிக் கலங்கித் தெரிந்தது.

"என்னால பாக்க முடியலைக்கா. நீங்க எடுத்து மாட்டிக்கிட்டு, மாட்டிட்டேன்னு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. காதுல கேட்டுட்டுப் போயிடுறேன்."